கனடாப் பார்சலில் வந்த ட்ராக் சூட்

கேள்வி:

அக்கா, நான் வட்டக்கச்சியில் இருக்கிறேன். வயது 27. கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். கிழமையில் மூன்று நாள் ஸ்கூட்டியில் தர்மபுரம், விசுவமடுப் பக்கம் வீடு வீடாகப் போக வேண்டும். மிச்ச இரண்டு நாளும் ஒஃபிஸ். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினனான். இப்பவும் பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடுவேன். அதனால் விளையாட்டு உடுப்பு என்றால் விருப்பம், உடம்புக்கும் சுகம். போன மாதம் கனடாவிலிருந்து அண்ணா ஒரு பார்சல் போட்டுவிட்டார். பக்கத்தில் மூன்று வெள்ளைக் கோடு ஓடுகிற கறுப்பு ட்ராக் சூட், சாம்பல் நிற ஹூடி, இரண்டு போலோ ரீசேட், ஒரு கறுப்பு டைற்ஸ், வெள்ளைச் சப்பாத்து, ஒரு கூடைப்பந்து ஜேர்சி, படைக்காரர் போடுகிற மாதிரிப் புள்ளிப் பச்சைத் தொப்பி. ட்ராக் சூட்டைப் போட்டுக்கொண்டு ஒஃபிசுக்குப் போனேன். "இண்டைக்கு ஸ்போர்ட்ஸ் மீட்டோ?" எண்டு எல்லாரும் சிரிச்சினம். அதுக்கு முதலே அம்மா வாசலில் நிண்டு, "உப்பிடியே சனத்தின்ர வீடு வழிய போகப்போறாய்?" எண்டு கேட்டவ. நான் அஞ்சடி உயரம். பொட்டம் காலுக்குக் கீழே கிடந்து இழுபடுது. இதுகளை வடிவாக நாளாந்தம் போட வழி இருக்கோ?

பதில்:

தங்கச்சி, விடையில் முக்கால்வாசியை நீங்களே எழுதிவிட்டீர்கள். பொட்டம் இழுபடுகிறது என்கிறீர்களே, அதைத்தான் ஒஃபிசில் கண்டு சிரித்திருக்கிறார்கள். அளவு பிழைத்த சேலை பிளவுசைக் கண்டால் "தைச்ச ஆள் ஆர்?" என்று உடனே கேட்கிற சனம், அளவு பிழைத்த ட்ராக் பொட்டத்தைக் கண்டால் அப்படிக் கேட்பதில்லை. அது வாங்கினபடி, பார்சலில் வந்தபடி போட வேண்டிய சாமான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. என் தையற்கடைக்குப் பள்ளிக்கூட யூனிபோம் வரும், சுடிதார் வரும், கலியாண பிளவுஸ் வரும். ட்ராக் பொட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். மைதானத்து உடுப்பை வேலைக்குப் போகிற உடுப்பாக்குவது தையல் மெசின்தான் என்பது என்னுடைய கட்சி. நிறம், பொருத்தம், ஸ்டைல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ட்ராக் சூட்டை முதலில் பிரியுங்கள். மேலும் கீழும் சேர்த்துப் போட்டால் பீ.ரி. மாஸ்டர்தான், அதில் மாற்றுக் கதை இல்லை. குளிர் நாட்டு வீரர்கள் போட்டிக்கு முன்னும் பின்னும் உடம்புச் சூடு ஆறாமல் இருக்கக் கட்டைக் காற்சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் உடுப்பு அது. சப்பாத்தைக் கழற்றாமலே உருவி எடுக்க வேண்டும் என்பதற்காகக் கால் தளர்வாக இருக்கும், கணுக்காலில் சிப்பும் இருக்கும். மூன்று கோட்டுக்காரரான அடிடாஸ் 1949 இல் சப்பாத்துக் கொம்பனியாகத் தொடங்கியது. அவர்கள் முதன்முதலில் விட்ட உடுப்பு 1967 இல் வந்த ஒரு ட்ராக் சூட். ஜேர்மன் உதைபந்தாட்ட வீரர் ஃப்ரான்ஸ் பெக்கன்பவரின் பெயரில் வந்தது. ஆக, உங்கள் கையில் இருப்பது சூட்டைப் பிடித்து வைக்கவென்றே வெட்டிய உடுப்பு. கிளிநொச்சி வெயிலுக்கு இரண்டையும் சேர்த்து மாட்டினால் உடம்பு என்ன பாடுபடும் என்று நீங்களே அறிவீர்கள்.

இனி அளவு. அந்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டு, பொட்டத்தையும் போட்டு, வீட்டு முற்றத்தில் ஸ்கூட்டியில் ஏறி இருங்கள். தையல்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். முழங்கால் மடிந்ததும் பொட்டம் நன்றாக மேலே ஏறும். நின்றபடி அளந்து வெட்டினால், ரோட்டில் போகும்போது கெண்டைக்கால் வெளியில் நிற்கும், அம்மா திரும்பவும் வாசலுக்கு வருவா. ஸ்கூட்டியில் இருக்கும்போது கணுக்கால் எலும்பு மட்டும் தெரிகிற இடத்தில் ஊசி குத்தி அடையாளம் வையுங்கள். எழும்பி நின்றால் அது சப்பாத்தின் வாயில் வந்து படும். துணி குவியாது.

கீழே சிப் இருக்கிறதா, கணுக்காலைப் பிடிக்கிற பின்னல் பட்டியான றிப் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. றிப் என்றால் வேலை இலேசு. றிப்பை அவிழ்த்து, காலை வேண்டிய அளவு வெட்டி, அதே றிப்பைத் திரும்ப வைக்கலாம். சிப் இருந்தால் அதோடு சேர்த்துக் கீழிருந்து வெட்டக் கூடாது. முதலில் சிப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் திறப்பைத் தைத்து மூடி, பிறகு நீளத்தைக் குறைத்து விளிம்பை மடித்து அடிக்கச் சொல்லுங்கள். சிப் போனால் பாதி மைதானமும் போய்விடும், பார்வைக்கு நீளக் காற்சட்டை போலவே விழும். சில தையல்காரர் காலைத் தொடாமல் இடுப்பில் தூக்கிக் கட்டப் பார்ப்பார்கள், அது அவர்களுக்குச் சுகமான வேலை. விடாதீர்கள். பொக்கற் நெஞ்சுக்கு ஏறிவிடும், கவட்டுப் பக்கம் இறுகும், ஸ்கூட்டியில் இருக்கவே மாட்டீர்கள்.

காலைக் கொஞ்சம் ஒடுக்கவும் வேண்டும், முழங்காலுக்குக் கீழே. ஒடுக்குகிற துணியை உட்பக்கத் தையலில் மட்டும் எடுக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் எடுத்தால் அந்த மூன்று கோடும் வளைந்து பின்னுக்குப் போய்விடும். உங்களைப் போல உயரம் குறைந்தவர்களுக்கு அந்த உடுப்பில் இருக்கிற பெரிய இலாபமே இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நேராக இறங்குகிற அந்தக் கோடுதான். அதைக் கெடுத்துவிட்டால் சாதாரணக் கறுப்புப் பொட்டம்தான் மிஞ்சும்.

தைக்கக் கொடுக்கும்போது இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். இது பின்னல் துணி, இழுபடும். சாதாரண ஊசி அந்தக் கண்ணிகளை அறுத்துவிடும், நாலு தோய்ப்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். முனை உருண்ட ஊசி போட வேண்டும். நேர்த்தையல் போட்டால் குந்தி எழும்பும்போது நூல் "டக்" என்று அறும், அதுவும் எங்கே அறும் என்று சொல்லத் தேவையில்லை. துணி விளிம்பைச் சுற்றி அடிக்கிற ஓவர்லொக் தையல் அடித்து, மடித்த விளிம்புக்கு இரட்டை ஊசித் தையல் போட்டால் நிற்கும். உங்கள் ஊர்த் தையற்கடையில் இது நடக்காது என்றால் கவலைப்படாதீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே லைனில் நின்று இழுபடுகிற துணி தைத்துப் பழகிவிட்டு, கலியாணம் முடித்து வீட்டில் மெசின் போட்டிருக்கிற பிள்ளைகள் பலர். விசாரித்துப் பாருங்கள். வெளிநாட்டுக் கடைக்கு அனுப்புகிற தரத்தில் தைத்துத் தருவார்கள், கூலியும் நியாயமாக இருக்கும்.

இப்படித் திருத்திய பொட்டத்துக்கு மேலே பருத்தியில், தொடை நடுவரை வருகிற, இரண்டு பக்கமும் வெட்டு விட்ட குர்த்தா. கைத்தறித் துணியாக இருந்தால் இன்னும் வடிவு. பொட்டத்தில் ஒரு மினுக்கம் இருக்கிறது, மேலே சொரசொரப்பான துணி வரும்போது அந்த மினுக்கம் அடங்கும். மேலேயும் மினுங்கினால் கல்யாண மண்டபத்துத் திரைச்சீலைதான். நிறம் மா இலைப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று என்னவும் போடலாம், கறுப்பு எதையும் தாங்கும். பூப்போட்ட துணி மட்டும் வேண்டாம், கோடும் பூவும் சண்டை பிடிக்கும். ஒஃபிஸ் நாளுக்கும் கள நாளுக்கும் இதே போதும். அம்மாவின் பிரச்சினையும் இந்த நீளத்திலேயே பாதி தீர்ந்துவிடும். அவவுக்குக் கோடு கண்ணில் குத்தவில்லை, பின்பக்கம் மறையவில்லை என்பதுதான் குத்துகிறது. இதை அம்மாமார் நேராகச் சொல்ல மாட்டார்கள்.

ட்ராக் ஜக்கெற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. ஏ9 வீதியில் பத்து மணி வெயிலில் ஸ்கூட்டியில் போகிற பெண்களைப் பாருங்கள். சுடிதாருக்கு மேலே அப்பாவின் பழைய நீளக்கைச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு போவார்கள், கை கறுக்காமல் இருக்க. அந்தச் சேர்ட்டின் இடத்துக்கு உங்கள் ஜக்கெற் வரட்டும். சுடிதார், பருத்திச் சட்டை, நீளப் பாவாடை எதற்கு மேலும் போடலாம். சிப்பை நெஞ்சுவரை இழுத்து விட்டால் காற்றும் வரும். தோள் தொங்கினால், கையை மணிக்கட்டில் நிறுத்தித் தைப்பியுங்கள். தோளைத் திருத்துவது பெரிய வேலை, காசுக்குக் கேடு. ஒஃபிசுக்குள் போனதும் கழற்றிக் கதிரையில் போடுங்கள்.

போலோ ரீசேட்டைப் போட நீங்கள் யோசிக்கவே தேவையில்லை. அது மைதானத்தை விட்டு வெளியே வந்து எவ்வளவோ காலம். ரெனே லகோஸ்ற் என்ற பிரெஞ்சு டெனிஸ் வீரர், அந்தக் காலத்து நீளக்கை வெள்ளைச் சேர்ட்டில் விளையாட முடியாமல், 1926 இல் அமெரிக்கப் போட்டிக்குக் கட்டைக்கைப் பின்னல் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கினார். 1933 இல் அதைச் செய்து விற்கவும் தொடங்கினார். நெஞ்சில் முதலை இருக்கிற சட்டை அதுதான். துணியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் தேன்வதை மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழி இருப்பதால் துணி உடம்போடு ஒட்டாது, வேர்வையிலும் காற்று ஓடும். எங்கள் காலநிலைக்கு இதைவிட நல்ல சட்டை கிடையாது என்பேன்.

சில போலோக்களில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்கும். தைத்தவன் பிழை விட்டிருக்கிறான் என்று நினைத்து வெட்டிச் சமப்படுத்திவிடாதீர்கள். டெனிஸில் குனிந்து பந்தை எடுக்கும்போது சட்டை வெளியே வராமல் இருக்க விட்ட நீளம் அது. ஸ்கூட்டியில் முன்னுக்குச் சாய்ந்து இருக்கிற உங்களுக்கு அதே நீளம் முதுகை மறைக்கும். போலோவைத் தைத்த துணிப் பாவாடையோடோ, மடிப்பு வைத்த பருத்தி நீளக் காற்சட்டையோடோ போடுங்கள், இடுப்பில் ஒரு மெல்லிய பெல்ற் கட்டுங்கள். ட்ராக் பொட்டத்தோடு மட்டும் போடாதீர்கள், விளையாட்டுப் போட்டியில் கொடி பிடிக்கிற நடுவர் ஆகிவிடுவீர்கள். கொலர் சுருளாமல் இருக்க, தோய்த்ததும் பொத்தானைப் பூட்டி, கொலரைக் கையால் நீவி, நிழலில் தட்டையாகக் காயப் போட வேண்டும்.

வெள்ளைச் சப்பாத்து பெரிய தலையிடி. தர்மபுரம், விசுவமடு உள்ரோட்டுக் கிறவல் புழுதியில் ஒரு நாள் போதும், வெள்ளை போய்விடும். அதை ஒஃபிஸ் நாளுக்கும் கொண்டாட்டத்துக்கும் வையுங்கள். கள நாளுக்குச் சாம்பலோ மண்ணிறமோ ஒரு சோடி வாங்குங்கள், வலைபோல ஓட்டை உள்ள ஓட்டச் சப்பாத்து வேண்டாம், புழுதி அதற்குள் போனால் பிறகு வராது. வெள்ளையில் புழுதி பட்டால் உடனே ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. ஈரம் பட்டதும் புழுதி சேறாகி நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, பழைய பற்தூரிகையால் தட்டி, பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர். வெயிலில் காயவைத்தால் ஒட்டின பசை மஞ்சளாகும். உள்ளே பழைய பேப்பரை அடைத்து நிழலில் வையுங்கள்.

உங்கள் வேலையில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். வீட்டுக்காரர் "வாங்கோ பிள்ளை" என்று கதிரையைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்க, நீங்கள் படியில் குனிந்து நின்று முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு ஸ்டைலும் அந்த இடத்தில் போய்விடும். கயிற்றை உருவிவிட்டு, தையல் சாமான் கடையில் மெல்லிய வட்ட இலாஸ்டிக் வாங்கி அதே ஓட்டைகளில் கோத்து, உள்ளே முடிச்சுப் போட்டு விடுங்கள். காலை நுழைத்தால் போகும், இழுத்தால் வரும், வெளியிலிருந்து பார்க்கக் கயிறு மாதிரியே இருக்கும். சப்பாத்துக்கு நிகராகக் காலுறையும் கண்ணில் படும் வேலை உங்களுடையது. பெருவிரல் எட்டிப் பார்க்கிற காலுறையை இன்றைக்கே எறியுங்கள்.

டைற்ஸைத் தனியே வெளியில் போட வேண்டாம். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற சட்டைக்கு உள்ளே போடுங்கள், ஸ்கூட்டியில் காற்று அடித்தாலும் பயமில்லை. அந்த இழுவையைக் கொடுப்பது இலாஸ்டேன் என்கிற நூல். 1958 இல் அமெரிக்காவின் டுபொன்ட் கொம்பனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்தது. அதற்குச் சூடு ஆகாது. கொதிதண்ணீர், சூடான அயன்பொக்ஸ், மத்தியான வெயில் மூன்றும் பட்டால் இழுவை செத்து, முழங்காலில் பை விழும்.

தோய்க்கிற விசயத்திலும் ஒரு வார்த்தை. பொலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, ஆனால் உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோய்த்த சட்டை மத்தியானம் திரும்பவும் மணப்பது அதனால்தான். உள்பக்கத்தை வெளியே எடுத்து, கொஞ்ச வினாகிரி விட்ட தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற வைத்துப் பிறகு தோயுங்கள். வாசத்துக்காகக் கடைசித் தண்ணீரில் விடுகிற மிருதுவாக்கும் திரவம் இந்தத் துணிகளுக்கு வேண்டாம், அது துணியில் படை போல ஒட்டி வேர்வை வெளியேறுகிற வழியை அடைத்துவிடும். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காவிட்டால், கறுப்புப் பொட்டத்தில் சாம்பல் படிவது நிச்சயம். கடைசி அலசலுக்கும் அதே வினாகிரி ஒரு மூடி விடுங்கள். அயன் பண்ணும்போது மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும். நேராக வைத்தால் விழுகிற மினுக்கத் தழும்பு பிறகு போகாது.

ஹூடி மார்கழி, தைப் பனிக்கு. விடியக்காலை ஸ்கூட்டிக்கும், குளிரூட்டின கொழும்பு பஸ்ஸுக்கும் அதைப் போல ஒன்றில்லை. ஹெல்மெட் போடும்போது தலைமூடியை உள்ளே மடித்துவிடுங்கள், காற்று அதற்குள் புகுந்து கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும், கயிறும் முகத்தில் அடிக்கும். சித்திரை வெயிலில் ஹூடியோடு நின்று படம் எடுத்துப் போடுகிற பொடியங்களை நானும் பார்க்கிறேன். படத்துக்கு வெளியே அவர்கள் வேர்த்து ஊற்றுவதையும் பார்க்கிறேன்.

அம்மாவோடு ஒரு உடன்பாட்டுக்கு வாருங்கள். கோயிலுக்கும் செத்த வீட்டுக்கும் இந்த உடுப்புகள் இல்லை என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்க வேண்டியிருக்காத அம்மா மற்ற இடங்களில் இறங்கி வருவா. ஆனால் களத்தில் நிற்கும்போதுதான் செத்த வீட்டுச் செய்தி வரும், வீட்டுக்குப் போய் மாற்ற நேரமிருக்காது. ஸ்கூட்டிப் பெட்டியில் ஒரு பெரிய, மங்கிய நிறச் சோல் மடித்து வையுங்கள். குர்த்தாவுக்கு மேலே அதைப் போர்த்தினால் கோடு, கொலர் ஒன்றும் தெரியாது. சப்பாத்தை எப்படியும் வாசலில் கழற்றத்தான் போகிறீர்கள்.

தொப்பியை எடுத்து வையுங்கள், போட வேண்டாம். படைச் சீருடையை ஒத்த துணி எங்கள் பக்கத்தில் வீண் வில்லங்கம். நீங்கள் போகிற வீடுகளில் அதைக் கண்டு மனம் கலங்குகிறவர்களும் இருப்பார்கள். கூடைப்பந்து ஜேர்சிக்குக் கைத்துளை பெரிது, ஒடுக்கினால் நெஞ்சு எழுத்து கோணும், எந்தக் குர்த்தாவோடும் சேராது. பின்னேரம் வலைப்பந்துக்கு, உள்ளே ஒரு அரைக்கை ரீசேட்டோடு போடுங்கள். அண்ணாவுக்கு நன்றி சொல்லி எழுதும்போது தோளின் அகலம், இடுப்பு, கவட்டிலிருந்து கணுக்கால்வரை உள்கால் நீளம் மூன்றையும் அங்குலத்தில் அனுப்பிவிடுங்கள். எல், எம் என்று மட்டும் எழுதினால் அடுத்த முறையும் அங்கத்தைய ஆட்களின் அளவுதான் வரும்.